கல்லாப்பெட்டிச் சாவி யார் கையில்?

1917-ஆம் ஆண்டு. பரோடா அரசில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு 26 வயது இளைஞர் ஒருவர் பம்பாய்க்குத் திரும்புகிறார். நியூயார்க் நகரத்தின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். ஆனால் பரோடாவில் தங்குவதற்கு அவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. அலுவலகத்தில் சிப்பந்திகள்கூட அவர் கையில் படாமல் கோப்புகளைத் தூக்கிப் போட்டார்கள். பம்பாயில் குடும்பம் காத்திருக்கிறது. தனிப்பாடம் நடத்துகிறார். கணக்கு எழுதும் வேலை பார்க்கிறார். பிறகு சொந்தமாகவே ஒரு தொழில் தொடங்குகிறார். பங்கு வாங்குவோருக்கும் முதலீடு செய்வோருக்கும் ஆலோசனை சொல்லும் தொழில். வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். ஆலோசனை சொல்பவர் என்ன சாதி என்பது தெரிந்ததும் வருவதை நிறுத்திக்கொள்கிறார்கள். தொழில் நின்றுபோகிறது.

அந்த இளைஞர்தான் அண்ணல் அம்பேத்கர்.

அவரைச் சட்ட மேதையாக அறிவோம், தலைவராக அறிவோம். தொழில் தொடங்கித் தோற்ற ஒருவராக நாம் அவரை அதிகம் பேசியதில்லை. இன்று கல்லூரிதோறும் 'ஸ்டார்ட்அப்' என்ற சொல் ஒலிக்கிறது. தொழில் முனைவோர் தினம், கருத்தரங்கு, போட்டி என்று நம் மாவட்டத்துக் கல்லூரிகளிலும் நடக்கின்றன. மேடையில் பேசுபவர்கள் அமெரிக்காவில் யாரோ கார் ஷெட்டில் கம்பெனி தொடங்கி உலகை வென்ற கதையைச் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கார் ஷெட் இல்லை. பலருக்கு வீட்டு மனைக்குப் பட்டாவே இல்லை. அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி வேறு. "அண்ணே, எங்களுக்கு யார் பணம் கொடுப்பாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இருக்கிறது. கொடுக்கிறவர் பணத்தோடு சேர்த்து எதை எடுத்துக்கொள்வார்? இதைக் கேட்காமல் பணம் வாங்கிய ஒரு தம்பியின் கதையோடு தொடங்குவோம்.

நாற்காலி போட்ட நாள்

பெயரும் ஊரும் வேண்டாம். ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து வேலை இல்லாமல் இருந்தார் அந்தத் தம்பி. ஊர்த் தெருவில் செல்வாக்குள்ள ஒப்பந்ததாரர் ஒருவர் ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார். "அந்த வீட்டுத் திண்ணையில எங்க அப்பாகூட உட்கார்ந்தது கிடையாதுண்ணே. அன்னிக்கு எனக்கு நாற்காலி போட்டாங்க. டீ குடுத்தாங்க. 'தம்பி'ன்னு கூப்பிட்டாரு" என்று அவரே நம்மிடம் சொன்னார்.

விஷயம் இதுதான். பட்டியல் சாதியினருக்கான திட்டத்தில் மானியத்தோடு கடன் கிடைக்கும். தம்பியின் பெயரில் ஹாலோ பிளாக் தொழிற்கூடம் தொடங்கலாம். இடம், இயந்திரம், அலைச்சல் எல்லாம் அவர் பொறுப்பு. தம்பி கையெழுத்துப் போட்டால் போதும். மாதம் 12 ஆயிரம் ரூபாய் சம்பளம்.

தம்பி கையெழுத்துப் போட்டார். காசோலைப் புத்தகம் முழுவதிலும் போட்டார். பெயர்ப் பலகையில் 'உரிமையாளர்' என்று அவர் பெயர் இருந்தது. கல்லாப்பெட்டியின் சாவியோ அவரிடம் ஒரு நாளும் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் ஓடின. மானியம் கணக்கில் வரவானது. அதற்குப் பிறகு தவணை கட்டுவது நின்றது. ஒரு நாள் வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்தது. அது ஒப்பந்ததாரர் வீட்டுக்குப் போகவில்லை. காலனியில் தம்பியின் வீட்டுக்கு வந்தது. கடன்காரர் அவர். 'சிபில்' மதிப்பெண் கெட்டது அவருக்கு. அடுத்து எந்த வங்கிக்குப் போனாலும் கதவு மூடியிருந்தது. அப்போது அவருக்கு 24 வயது.

இப்படிப்பட்ட கதைகளை நம் ஊர்ப்பக்கம் பலரும் கேட்டிருப்பீர்கள். பெட்ரோல் பங்க், கேஸ் ஏஜென்சி, ஒப்பந்த வேலை, லாரி என்று ஒதுக்கீடு எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் பினாமியும் உண்டு. பெயர் நம்முடையது, பெட்டி அடுத்தவருடையது. பண்ணையில் ஆள்வைத்த பழைய முறை காகிதத்தில் ஏறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே தலைமைக்கான முதல் பாடம் மேடைப் பேச்சோ கோட்டு சூட்டோ அல்ல. நிறுவனத்தின் வங்கிக் கணக்கை இயக்குவது நீங்களா? இன்று எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கேட்டால் உடனே சொல்ல முடியுமா? முடியும் என்றால் நீங்கள் முதலாளி. முடியாது என்றால் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் கூலியாள்தான்.

ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு கயிறு

மறுபடியும் அம்பேத்கரிடம் வருவோம். அவர் வாழ்க்கையில் வந்த பணங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நிதி திரட்டுவதைப் பற்றிய பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

1913-இல் அமெரிக்கா போக பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை மாதம் 11.50 பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைதான் அவரை 1917-இல் தங்க அறை கிடைக்காத பரோடாவுக்குக் கொண்டுபோனது. உதவியும் பெரிது, அதில் கட்டியிருந்த கயிறும் பெரிது.

1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' என்ற மராத்தி இதழ் தொடங்கப்பட்டது. அதற்குக் கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் கொடுத்தது 2,500 ரூபாய். அது நோக்கத்தை நம்பி வந்த பணம். அந்த இதழைப் பற்றிய விளம்பரத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டுகூட வெளியிட 'கேசரி' இதழ் மறுத்த காலம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் நோக்கத்தை நம்பிய 2,500 ரூபாய் எவ்வளவு பெரிது என்று எண்ணிப் பாருங்கள்.

அதே 1920-இல், பாதியில் விட்ட படிப்பை முடிக்க மீண்டும் லண்டன் புறப்பட்டார். இந்த முறை நிபந்தனைக் கயிற்றில் தன்னை முழுக்கக் கட்டிக்கொள்ளவில்லை. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வாங்கிய சம்பளத்தில் மிச்சம் பிடித்தது கொஞ்சம். சாகு மகராஜின் உதவி கொஞ்சம். நவல் பத்தேனா என்ற பார்சி நண்பரிடம் வாங்கிய கடன் 5,000 ரூபாய். சொந்தச் சேமிப்பு, நல்லெண்ண உதவி, நம்பிக்கைக் கடன் என்று மூன்றையும் கலந்துகொண்டு போனார். 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

எந்த ஒரு கையையும் மட்டும் நம்பி நிற்காதே, ஒவ்வொரு பணமும் என்ன கேட்கும் என்று தெரிந்து வாங்கு. இதுதான் நமக்குப் பாடம்.

வட்டியா, வாரமா?

இன்றைக்குத் தொழில் தொடங்குபவர் முன் நிற்கும் பணங்கள் நான்கு வகை. நம் ஊர் வழக்கிலேயே அவற்றைச் சொல்லிவிடலாம்.

முதலாவது, கைப்பணம். சேமிப்பு, அம்மாவின் சீட்டுப்பணம், வாடிக்கையாளர் கொடுக்கும் முன்பணம். இதற்குக் கயிறு இல்லை. குறிப்பாக வாடிக்கையாளர் பணம். பொருள் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் காசு கொடுத்து வாங்குவதுதான் எந்த முதலீட்டாளரிடமும் காட்டக்கூடிய முதல் சான்று. பத்துப் பேரிடம் விற்றுப் பார்க்காத பொருளுக்குப் பத்து லட்சம் கடன் வாங்க அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது, கடன். இதற்கு வட்டி உண்டு, ஆனால் தொழிலில் பங்கு கேட்காது. யார் கடன் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். 'மூணு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000. ஆண்டு முடிவில் அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். அதே ஒரு லட்சத்துக்கு ஆண்டுக்கு 11 சதவீதம் என்று வங்கியில் வாங்கினால் வட்டி சுமார் 11,000. வித்தியாசம் 25,000 ரூபாய். சிறு தொழிலில் ஒரு வருட லாபமே சிலருக்கு அவ்வளவுதான் இருக்கும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. அப்படியும் அவசரத்துக்கு வாசலில் வந்து நிற்பது அந்தப் பணம்தான்.

மூன்றாவது, மானியம். அரசு திருப்பிக் கேட்காத பணம். ஆனால் அது தொழிலுக்கு வரும் பணம், வீட்டுக் கல்யாணத்துக்கு வரும் பணம் அல்ல. மானியத்துக்காகவே தொழில் தொடங்கியவர்கள் மானியம் வந்ததும் தொழிலை மூடியதை நாம் பார்த்திருக்கிறோம்.

நான்காவது, பங்கு முதலீடு. இது பலருக்குப் புதிதாகத் தோன்றும். உண்மையில் நம் அம்மாக்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஆட்டை வாரத்துக்கு வளர்ப்பதில்லையா? ஆடு ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, குட்டியில் பாதிப் பாதி. குட்டி செத்தால் நட்டமும் இருவருக்கும். பங்கு முதலீடும் அதைப் போன்றதே. முதலீட்டாளர் வட்டி கேட்க மாட்டார். மாதத் தவணை கிடையாது. தொழில் வளர்ந்தால் அவர் பங்கும் வளரும். தொழில் விழுந்தால் அவர் பணமும் போகும். ஆனால் ஆடு வளர்ப்பில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. முடிவெடுப்பதில் அவருக்கும் ஒரு குரல் வந்துவிடும்.

இதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் நிறுவனத்தின் மதிப்பு 40 லட்சம் என்று பேசி முடிக்கிறீர்கள். ஒருவர் 10 லட்சம் போடுகிறார். மொத்தம் 50 லட்சம். அவருக்கு 20 சதவீதம், உங்களுக்கு 80. தொழில் வளர்கிறது. அடுத்த சுற்றில் மதிப்பு ஒன்றரைக் கோடி. புதியவர் 50 லட்சம் போடுகிறார். அவருக்கு 25 சதவீதம். உங்கள் 80 இப்போது 60 ஆகிறது. மூன்றாவது சுற்றில் இன்னொருவருக்கு 20 சதவீதம் கொடுத்தால் உங்கள் கையில் மீதி 48. நிறுவனம் பெரிதாகிவிட்டது, பத்திரிகையில் படம்கூட வரும். ஆனால் பாதிக்கும் கீழே வந்துவிட்டீர்கள். சாவி அங்கேதான் கைமாறுகிறது.

நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மத்திய அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடியினருடைய சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-இல் நடைமுறைக்கு வந்த கொள்கை சொல்கிறது. கூட்டு நிறுவனமோ தனியார் கம்பெனியோ என்றால் குறைந்தது 51 சதவீதப் பங்கு நம்மவர் கையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் அந்தச் சந்தையையும் இழப்போம். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் 'எவ்வளவு வருகிறது' என்று பார்ப்பதோடு 'எவ்வளவு மிஞ்சுகிறது' என்றும் பார்க்க வேண்டும்.

அடமானம் இல்லாதவர் எங்கே போவது?

வங்கிக்குப் போனால் முதலில் கேட்பது சொத்து. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர் மக்களுக்கு நிலம் இல்லாததே அவர்களுடைய அடிமை நிலைக்கு வேர் என்று 1891-இல் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக ஒதுக்கப்பட்டதுதான் பஞ்சமி நிலம். அதில் எவ்வளவு இன்று நம்மவர் கையில் இருக்கிறது என்று ஒவ்வோர் ஊரிலும் கேட்டுப் பாருங்கள். நிலம் பறிபோன கதைதான் இன்று வங்கி மேலாளரின் மேசையில் 'அடமானம் இல்லை' என்ற வடிவில் வந்து நிற்கிறது.

ஆனால் விதி என்ன சொல்கிறது? சிறு, குறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரையான கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதற்கு மேல் போனாலும் கடனுக்கு உத்தரவாதம் தரும் அறக்கட்டளை ஒன்றை மத்திய அரசும் சிட்பியும் சேர்ந்து 2000-ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருக்கின்றன. அடமானம் இல்லாமலேயே வங்கி கடன் கொடுக்க முடியும். மேலாளர் மறுத்தால் கோபப்பட்டுத் திரும்பி வர வேண்டாம். மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக 'இல்லை' என்று சொல்வது எளிது, காகிதத்தில் எழுதுவது எளிதல்ல.

திட்டங்களும் இருக்கின்றன. 1974-இல் தொடங்கிய தாட்கோ நம் மக்களுக்குத் தெரிந்த பெயர். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத்தில் தொடங்கும் பட்டியல் சாதியினருக்கு 35 சதவீத மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம். தமிழ்நாடு அரசு 2023-இல் கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம், உச்ச அளவு ஒன்றரைக் கோடி ரூபாய், அதோடு 6 சதவீத வட்டி மானியம். இவற்றுக்கெல்லாம் முதலில் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம்.

பங்கு முதலீட்டிலும் வழி திறந்திருக்கிறது. பட்டியல் சாதியினருக்கான துணிகர மூலதன நிதியை மத்திய அரசு 2015-இல் தொடங்கியது. மாணவர்களின் புதுமைத் திட்டங்களுக்கு மூன்று ஆண்டுகளில் 30 லட்சம் ரூபாய் வரை தரும் அம்பேத்கர் பெயரிலான இயக்கம் 2020-இல் அதன் கீழ் வந்தது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதி, பழங்குடியினரின் ஸ்டார்ட்அப்களுக்கென்றே 2022-23 நிதிநிலை அறிக்கையில் 30 கோடி ரூபாயில் ஒரு நிதி அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது 50 கோடியானது. இங்கே அரசே பங்குதாரராக வருகிறது. முதல்முறையாகத் தொழில் தொடங்கும் பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு 2 கோடி ரூபாய் வரை கடன் என்று 2025 மத்திய பட்ஜெட்டிலும் ஓர் அறிவிப்பு வந்தது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர் நாம். இந்தத் தொகைகள் அதற்கு ஈடாகிவிடாது. அதற்காகக் குரல் கொடுப்பது ஒரு வேலை, இருப்பதைச் சரியான ஆள் கையில் சேர்ப்பது இன்னொரு வேலை. நாம் வாங்காமல் விட்டால் நம் பெயரில் வேறொருவர் வாங்கிக்கொள்வார் என்பதை மேலே பார்த்தோம்.

கமானி ஆலை சொல்வது

தலைமை என்றால் என்ன என்பதற்கு மும்பையின் கமானி டியூப்ஸ் ஆலையைப் பார்க்கலாம். செம்புக் குழாய் செய்யும் பழைய ஆலை. உரிமையாளர் குடும்பத்தின் சண்டையில் அது மூழ்கியது. 1988-இல் உச்ச நீதிமன்ற அனுமதியோடு தொழிலாளர்களே ஆலையை ஏற்று நடத்தினார்கள். நல்ல கனவு. ஆனால் சில ஆண்டுகளில் அதுவும் நின்றது. கடன் மலையாக வளர்ந்தது, வழக்குகள் குவிந்தன.

அந்த ஆலையைப் பிறகு எடுத்து நடத்தியவர் கல்பனா சரோஜ். மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்துக் கிராமத்துத் தலித் பெண். 12 வயதில் மணம் செய்துகொடுக்கப்பட்டு, கொடுமை தாங்காமல் திரும்பி வந்து, மும்பையில் தையல் வேலைக்குப் போனவர். அரசுத் திட்டத்தில் 50 ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிச் சிறு தொழில் தொடங்கியவர். ஆலையைப் பற்றி எதுவும் தெரியாத நிலையில் அவர் முதலில் செய்தது, தெரிந்தவர்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. அடுத்து, கடன் கொடுத்த வங்கிகளிடம் ஓடி ஒளியாமல் நேரில் போய் உட்கார்ந்தார். ஆலை மூடியே கிடந்தால் உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது, அபராதத்தையும் வட்டியையும் தள்ளினால் அசலாவது வரும் என்று பேசினார். வங்கிகள் இறங்கி வந்தன. 2006-இல் ஆலை அவர் பொறுப்புக்கு வந்தது. தொழிலாளர் நிலுவையைத் தீர்த்தார். 2013-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இதில் நமக்கு இரண்டு பாடம். எல்லாம் தெரிந்தவர்தான் தலைவர் என்றில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்பவர் தலைவராகலாம். இரண்டாவது, கெட்ட செய்தியை நாமே முதலில் சொல்ல வேண்டும். தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே வங்கிக்குப் போய்க் கணக்கைக் காட்டிப் பேசுங்கள். செல்போனை அணைத்து வைப்பவரை யாரும் இரண்டாம் முறை நம்ப மாட்டார்கள்.

விற்ற பொருளுக்கு வராத பணம்

சிறு தொழில்கள் பலவும் விற்பனை இல்லாமல் சாவதில்லை. விற்று, காசு வராமல் சாகின்றன. மாதம் 2 லட்சம் ரூபாய்க்குக் கடைகளுக்குக் கடனாகச் சரக்குப் போடுகிறீர்கள். அவர்கள் இரண்டு மாதம் கழித்துத் தருகிறார்கள். எப்போதும் உங்கள் பணம் 4 லட்சம் வெளியே நிற்கிறது. ஆர்டர் இரட்டிப்பானால் 8 லட்சம் நிற்கும். வளர வளர மூச்சு முட்டும். அந்த நேரத்தில்தான் மூணு வட்டி வாசலுக்கு வருகிறது.

2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் சிறு, குறு நிறுவனங்களுக்கு இங்கே துணை நிற்கிறது. வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றால் 'உத்யம்' பதிவு அவசியம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் சரக்குப் போடாதீர்கள். கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்ட பாக்கியில் மூழ்கிய நம்மவர்கள் அதிகம். நம் பொருளின் விலையைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் எதற்கு?

முதலாளியான பிறகு

இன்னொன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. கூலியை இழுத்தடித்த பண்ணைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நாம் முதலாளியானதும் அதே பண்ணையாராக மாறிவிடக் கூடாது. நான்கே பேர் வேலை செய்தாலும் சம்பளத் தேதி தேதிதான். எல்லோருக்கும் ஒரே தம்ளர், ஒரே பந்தி. பெண்களுக்கு அதே வேலைக்கு அதே கூலி. உங்களுக்கும் ஒரு சம்பளம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் கல்லாவில் கை வைக்காதீர்கள். வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் ஒரே பையில் இருந்தால் இரண்டுமே கிழியும். மச்சானோ நண்பனோ கூட்டாளியாக வந்தால் யாருக்கு எவ்வளவு, பிரிந்தால் என்ன என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சொந்தத்தில் எழுத்து எதற்கு என்பார்கள். சொந்தம் நிலைப்பதற்குத்தான்.

அம்பேத்கரின் 'மூக்நாயக்' அவர் லண்டனில் இருந்தபோது தடுமாறி 1923-இல் நின்றது. அவர் அதோடு விட்டுவிடவில்லை. 1927-இல் 'பகிஷ்கிருத பாரத்', 1930-இல் 'ஜனதா' என்று மீண்டும் மீண்டும் தொடங்கினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த் கல்லூரி வந்தது. அவர் மறைந்து எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் அது நடக்கிறது. ஒரே ஆளை நம்பி நின்ற இதழ் ஆள் நகர்ந்ததும் நின்றது. விதிமுறை, பொறுப்பாளர், கணக்கு என்று அமைப்பாக எழுந்த கழகம் நிலைத்தது. நீங்கள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் உங்கள் தொழில் நடக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

சாதி ஒழிந்துவிட்டது, திறமை இருந்தால் போதும் என்று நாம் சொல்லவில்லை. அம்பேத்கரிடம் இல்லாத திறமையா? ஆனால் 1917-இல் வாடிக்கையாளரை இழந்த அவருக்குத் துணை நிற்கச் சட்டமோ திட்டமோ சங்கமோ இல்லை. இன்று அவர் எழுதிக் கொடுத்தவை நம் கையில் இருக்கின்றன. தலித் தொழில் முனைவோருக்கென்று 2005-இல் புனேயில் மிலிந்த் காம்ப்ளே தொடங்கிய தொழில், வர்த்தக சபை இருக்கிறது. உள்ளூர்க் கடைக்காரர் நம் எண்ணெயை வாங்க மறுத்தால் பக்கத்து நகரத்திலும் இணையத்திலும் அரசுக் கொள்முதலிலும் விற்க வழி இருக்கிறது. மறுத்தவரை அம்பலப்படுத்தும் உரிமையும் இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்ட அந்தத் தம்பியைச் சென்ற மாதம் பார்த்தோம். வங்கியோடு பேசி ஒரே தவணைத் தீர்வுக்கு வந்திருக்கிறார், பாக்கி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சாலையோரத்தில் சொந்தமாக இருசக்கர வாகனப் பட்டறை போட்டிருக்கிறார். ஒரே ஒரு உதவியாளர். தகரக் கூரை. உள்ளே போனதும் மேசையறையைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி போட்டு வரவு, செலவு. அன்றைய வரவு 1,340 ரூபாய்.

"சின்னக் கணக்குதாண்ணே. ஆனா எல்லாம் என் கையெழுத்து" என்றார்.

மேசையறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வெளியே காத்திருந்த வண்டியைப் பார்க்கப் போனார்.